இழுத்தடித்தது யார்? டூயலிங்புக் ஜட்ஜ் சேவை பற்றி ஒரு விமர்சனம்

டூயலிங்புக் தளத்தில் யு-கி-ஓ என்ற கார்டு விளையாட்டை ஆடுகிறவர்கள் ஜட்ஜைக் (நடுவரை) கூப்பிடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, கார்டில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம் என்ற தகராறு. இன்னொன்று, “இவர் வேணும்னே இழுத்தடிக்கிறார்” என்ற புகார். முதல் வகையில் இந்தச் சேவையை மனசாரப் பாராட்டலாம். இரண்டாவது வகையில் தடுமாறுகிறது. ஏன் தடுமாறுகிறது, ‘ஸ்டாலிங்’ (வேண்டுமென்றே இழுத்தடித்தல்) என்று தீர்ப்பு வந்து ஆட்டம் கைவிட்டுப் போனால் அதை எப்படிக் கேள்வி கேட்பது, எப்போது கேட்காமல் விட்டுவிடுவது என்பதுதான் இந்த விமர்சனம்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: டூயலிங்புக் பிரவுசரிலேயே ஓடும் இலவசத் தளம். 2011-ல் வந்து 2016-ல் மூடப்பட்ட டூயலிங் நெட்வொர்க் என்ற தளம் விட்டுப்போன இடத்தை நிரப்பியது இதுதான். யு-கி-ஓவின் மாஸ்டர் டூயல் வீடியோ கேம் மாதிரி இங்கே கம்ப்யூட்டர் எதையும் தானாகச் செய்யாது. கார்டை எடுப்பது, வைப்பது, கிரேவ்யார்டுக்கு (பயன்படுத்திய கார்டுகள் போகும் இடம்) அனுப்புவது, லைஃப் பாயின்ட்டைக் கழிப்பது எல்லாம் ஆட்டக்காரர் கையாலேயே. ஒரு கார்டின் எஃபெக்டை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு செய்தாலும் தளம் தடுக்காது. எதிராளிதான் சொல்ல வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் ஜட்ஜைக் கூப்பிட வேண்டும். கார்டு கடையில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுவதற்கு மிக நெருக்கமான அனுபவம் இதில்தான் கிடைக்கும், டெக்கைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கடையில் சுவரில் ஓடும் மணி இங்கே இல்லை. டர்னுக்கு இத்தனை நொடி என்று எதுவும் ஓடாது.

சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கடிகாரம் இல்லாத இடத்தில் ‘ரொம்ப நேரம்’ என்பதை ஒரு மனிதர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அவர் தன் நேரத்தைக் கொடுத்து உதவும் தன்னார்வலர். ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர் அல்ல; கூப்பிட்ட பிறகு நடுவில் நுழைகிறார். வந்ததும் அவர் கண்ணில் படுவது ஒரு போர்டு, ஒரு லாக் (நடந்ததன் பதிவு), சாட்டில் கத்திக்கொண்டிருக்கும் இரண்டு பேர்.

மெதுவாக ஆடுவதும் இழுத்தடிப்பதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக எழுதி வைத்திருப்பது மேஜிக் என்ற இன்னொரு கார்டு விளையாட்டின் தண்டனைக் கையேடு. அதில் ‘ஸ்லோ ப்ளே’ தனி, ‘ஸ்டாலிங்’ தனி. ஸ்லோ ப்ளே என்றால் உள்நோக்கம் எதுவும் இல்லாமல் தேவைக்கு மேல் நேரம் எடுப்பது. அதற்கு எச்சரிக்கை, ஆட்டம் நேரம் தாண்டிப் போனால் வழக்கமான ஐந்து கூடுதல் டர்னுக்கு மேல் இன்னும் இரண்டு டர்ன் கொடுப்பார்கள். ஸ்டாலிங் என்றால் கடிகாரத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டுமென்றே மெதுவாக ஆடுவது. அதற்குப் போட்டியிலிருந்தே நீக்கம். ஒரு பக்கம் வெறும் எச்சரிக்கை, இன்னொரு பக்கம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நடுவில் இருக்கும் ஒரே சொல் ‘வேண்டுமென்றே’.

அந்தக் கையேடு தரும் உதாரணங்களும் கவனிக்க வேண்டியவை. எதுவுமே மாறாத நிலையில் எதிராளியின் கிரேவ்யார்டைத் திரும்பத் திரும்பப் புரட்டுவது ஸ்லோ ப்ளே. கையில் வெறும் இரண்டு லேண்ட் கார்டு, ஆட்டத்தை மாற்ற எந்த வழியும் இல்லை, ஆனாலும் ‘யோசிக்கிறேன்’ என்று நேரத்தைத் தின்றால் ஸ்டாலிங். யு-கி-ஓ ஆடுகிறவர்களுக்கு மேஜிக் விதி பொருந்தாதுதான். ஆனால் எந்த ஜட்ஜும் இதே இரண்டு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: யோசிக்க ஏதாவது இருந்ததா? நேரம் போனால் இவருக்கு லாபம் என்ன?

இரண்டாவது கேள்வியைத்தான் டூயலிங்புக் ஜட்ஜுகள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள் என்பது நமது முதல் குறை. கடையில் நடக்கும் போட்டியில் இழுத்தடித்தால் லாபம் நேரடியானது. ஒரு கேம் ஜெயித்து முன்னால் இருப்பவர் நேரத்தை ஓட்டினால் மேட்ச் அவருக்கு. டூயலிங்புக்கில் மணியே இல்லையே, நேரத்தை ஓட்டி ஜெயிக்க எப்படி முடியும்? இங்கே இழுத்தடிப்பவருக்கு இருக்கும் ஒரே லாபம், எதிராளி சலித்துப்போய் வெளியேறுவது. அப்படியானால் இழுத்தடிக்கக் காரணம் இருப்பவர் தோற்றுக்கொண்டிருப்பவர். போர்டில் முன்னிலையில் இருப்பவர், அடுத்த பேட்டில் ஃபேஸில் முடிக்கப் போகிறவர், எதற்காக எதிராளி கிளம்பும்வரை காத்திருக்கப் போகிறார்? முடித்துவிட்டுப் போகலாமே. அதனால் தீர்ப்பை மறுக்கும்போது, ‘அந்த நொடியில் போர்டில் யார் முன்னிலை’ என்பதை முதலில் எடுத்து வைக்க வேண்டும். நீங்கள் முன்னிலை என்றால் உங்கள் வாதத்தில் பாதி அதிலேயே முடிந்துவிடும். பின்தங்கி இருந்தால், யோசிக்க என்ன இருந்தது என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்.

இனி லாக். இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம் இதுதான். ஒவ்வொரு செயலும் நேரக் குறியோடு பதிவாகிறது. கார்டு எடுத்தது, வைத்தது மட்டுமல்ல, டெக்கையோ கிரேவ்யார்டையோ திறந்து பார்த்ததும் அதில் இருக்கும். ஆட்டம் முடிந்தபின் ரீப்ளேக்குத் தனி இணைப்பும் உண்டு. கடையில் நடந்த வாக்குவாதத்தில் “நான் இரண்டு நிமிஷம்தான் யோசிச்சேன்”, “இல்லை, பத்து நிமிஷம்” என்று ஆளுக்கொரு பக்கம் அடித்துவிடலாம். இங்கே அது நடக்காது. ஆனால் லாக்கைப் படிக்கும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது. டர்ன் தொடங்கிய நேரம், ஜட்ஜைக் கூப்பிட்ட நேரம் இரண்டையும் பார்த்து, கழித்து, “ஏழு நிமிடம் ஒரே டர்ன், ஸ்டாலிங்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த ஏழு நிமிடத்தில் யாருடைய நேரம் எவ்வளவு என்று பிரிப்பதில்லை.

ஒரு டர்னை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். உதாரணத்துக்காக அமைத்தது, ஆனால் எல்லாரும் தினம் பார்க்கும் டர்ன்தான். லாக்கில் 9:00-க்கு (நிமிடம்:நொடி) ஆட்டக்காரர் கார்டு எடுக்கிறார். 9:20-க்கு எதிராளியின் கிரேவ்யார்டைத் திறந்து பார்க்கிறார். 9:50-க்கு பாட் ஆஃப் ப்ராஸ்பெரிட்டி என்ற கார்டை ஆடுகிறார். அதற்கு எக்ஸ்ட்ரா டெக் என்ற 15 கார்டு தனி அடுக்கிலிருந்து மூன்றோ ஆறோ கார்டைக் கவிழ்த்து பானிஷ் செய்ய (ஆட்டத்திலிருந்து விலக்க) வேண்டும்; இவர் ஆறு என்று முடிவு செய்து, 15-ல் எந்த ஆறு என்று பார்த்துப் பார்த்து அனுப்பி முடிக்க 10:45. இப்போது எதிராளிக்கு வாய்ப்பு: ஆஷ் ப்ளாஸம் என்ற தடுப்புக் கார்டு கையில் இருந்தால் இங்கே தடுக்கலாம். எதிராளி ‘திங்க்’ பட்டனை அழுத்திவிட்டு யோசிக்கிறார். 11:40-க்குக் கட்டைவிரல் பட்டன், அதாவது ‘சரி, தொடரலாம்’. பிறகு மேலிருந்து ஆறு கார்டைத் திருப்பிக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கைக்கு எடுக்க 12:40. மிச்சம் ஐந்தை டெக்கின் அடியில் ஒவ்வொன்றாக வைக்க 13:30. அடுத்து ஒரு நார்மல் சம்மன் (கையிலிருந்து ஒரு மான்ஸ்டரை இறக்குவது). 13:40-க்கு எதிராளி “இந்தக் கார்டு என்ன செய்யும்?” என்று சாட்டில் கேட்கிறார், பதில் தட்டச்சு செய்து, அவர் படித்து, சரி என்று சொல்ல 14:35. அதன்பிறகு மௌனம். 16:05-க்கு எதிராளி ஜட்ஜைக் கூப்பிடுகிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் 7 நிமிடம் 5 நொடி. பிரித்துப் பார்த்தால், 10:45 முதல் 11:40 வரை 55 நொடி, 13:40 முதல் 14:35 வரை 55 நொடி, ஆக 1 நிமிடம் 50 நொடி எதிராளி கணக்கில் போக வேண்டியது. மிச்சம் 5 நிமிடம் 15 நொடி. அதிலும் பெரும்பகுதி கை வேலை: பானிஷ், திருப்பிக் காட்டுவது, அடியில் வைப்பது. கம்ப்யூட்டர் செய்து தரும் விளையாட்டில் கண் இமைக்கும் நேரத்தில் முடியும் வேலை இங்கே நிமிடக் கணக்கில் போகும். கடைசியில் ‘எதுவும் நடக்காத’ நேரம் என்று சொல்லத்தக்கது 14:35 முதல் 16:05 வரை 90 நொடி ஒன்றுதான். வழக்கு அந்த 90 நொடி மேல்தான் நடக்க வேண்டும். அப்போது கையில் எத்தனை கார்டு, எக்ஸ்ட்ரா டெக்கில் மிச்சமிருந்த ஒன்பதில் எவை, எதிராளி போர்டில் என்ன தடுப்பு? இரண்டு மூன்று வழி இருந்திருந்தால் 90 நொடி யோசனை நியாயம். ஒரு வழியும் இல்லாமல் 90 நொடி என்றால், ஜட்ஜ் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

இந்தக் கணக்கைத்தான் முறையீட்டில் எழுத வேண்டும். கோபத்தை அல்ல. “நான் மூன்று வருஷமா ஆடறேன், ஒருநாளும் இப்படி ஆனதில்லை” என்பதற்கு எந்த மதிப்பும் கிடையாது. ஜட்ஜின் மேல் பழி போடுவதும் வேண்டாம். முறையீட்டைப் பார்க்கும் மேல் ஜட்ஜ் தன் சக ஜட்ஜைக் காப்பாற்றத்தான் முதலில் யோசிப்பார். சுருக்கமாக இப்படி எழுதினால் போதும்:

“ரீப்ளே இணைப்பு இது. தீர்ப்பு நாலாவது டர்னில், 16:05-க்கு வந்த அழைப்பின் பேரில். டர்ன் மொத்தம் 7 நிமிடம் 5 நொடி. அதில் 10:45 முதல் 11:40 வரையும், 13:40 முதல் 14:35 வரையும் எதிராளியின் பதிலுக்காகக் காத்திருந்தேன். தொடர்ச்சியான மௌனம் 14:35 முதல் 16:05 வரை மட்டும். அப்போது என் கையில் இரண்டு கார்டு, எக்ஸ்ட்ரா டெக்கில் ஒன்பது, போர்டைத் தாண்ட இரண்டு வழி இருந்தது. தீர்ப்புக்கு முன் எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை. இது ஸ்லோ ப்ளேயா, ஸ்டாலிங்கா, எதன் அடிப்படையில் தோல்வி தரப்பட்டது என்று மறுபடி பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வரிதான் முக்கியம். எச்சரிக்கையே இல்லாமல் நேராகத் தோல்வி தந்தால், ஜட்ஜ் உங்கள் உள்நோக்கத்தைத் தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம். அந்தத் தீர்மானத்துக்கு லாக்கில் எது ஆதாரம் என்று கேட்பது உங்கள் உரிமை. பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது ‘ரொம்ப நேரம் ஆச்சு’ என்பது மட்டுமாகத்தான் இருக்கும். அது ஸ்லோ ப்ளேக்குப் போதும். ஸ்டாலிங்குக்குப் போதாது.

இதை எப்போது, எங்கே சொல்வது என்பதில்தான் நிறைய பேர் கோட்டைவிடுகிறார்கள். மேஜிக் போட்டிகளில் மேல்முறையீட்டுக்கு ஒழுங்கான வழி இருக்கிறது: கீழே இருக்கும் ஜட்ஜ் தீர்ப்பைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், முடித்தபின் தலைமை ஜட்ஜிடம் போகலாம், அவர் சொன்னதே முடிவு. பாதியில் குறுக்கே பாய்ந்து “அப்பீல்” என்று சொல்ல முடியாது. அந்த ஒழுங்கை இங்கேயும் கடைப்பிடியுங்கள். ஜட்ஜ் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி, தீர்ப்பு வரட்டும் என்று விட்டு, ஆட்டச் சாட்டில் வாதாடாமல், ரீப்ளேயை வைத்துக்கொண்டு மேலே இருப்பவரிடம் எழுதுங்கள். டிஸ்கார்டில் நடத்தும் தனிப் போட்டி என்றால் அந்தப் போட்டிக்கென்று தலைமை ஜட்ஜ் யார் என்று முதல் ரவுண்டுக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மேஜிக் கையேட்டில் ஸ்டாலிங்குக்குத் தரப்படும் உதாரணங்களில் ஒன்று: மெதுவாக ஆடிக்கொண்டிருப்பவர், யோசிக்கக் கூடுதல் நேரம் கிடைக்கட்டும் என்று தனக்கு வந்த எச்சரிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்வது. முறையீடே இழுத்தடிப்பாகிவிடும்! ஆகவே எச்சரிக்கை மட்டும் வந்திருந்தால், ஆட்டத்தின் நடுவில் அதை எதிர்த்து மல்லுக்கு நிற்காதீர்கள். “சரி” என்று ஒரு வார்த்தை, உடனே அடுத்த மூவ். தோல்வியோ தண்டனையோ வந்தால் மட்டும், அதுவும் ஆட்டம் முடிந்தபின், எழுதுங்கள். முடிந்த ஆட்டம் மறுபடி எழுந்து ஓடப் போவதில்லை. தோல்வியும் உங்கள் பெயரில் விழுந்த குறிப்பும் நீங்குவதுதான் கிடைக்கக்கூடிய பலன். அதற்கு அரை மணி நேரம் செலவழிப்பது பொருத்தமா என்பதை ரேட்டிங்கில் போன புள்ளியைப் பார்த்து முடிவு செய்யலாம். அடுத்தடுத்து இரண்டு குறிப்பு விழுந்தால் மூன்றாவது ஜட்ஜ் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும் என்பதால், பெயர் கெடாமல் இருப்பதற்காகவாவது எழுதத்தான் வேண்டும் என்பது நமது எண்ணம்.

ஜட்ஜ் வந்து “என்ன யோசிக்கிறீர்கள்?” என்று கேட்டால் எவ்வளவு சொல்வது? சாட்டில் நீங்கள் எழுதுவதை எதிராளியும் படிப்பார். திட்டத்தை அப்படியே கொட்டினால் ஆட்டமே போச்சு. “இரண்டு வழி இருக்கிறது, எதிராளியின் செட் கார்டைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்கிறேன்” என்ற அளவு போதும். “சும்மா யோசிக்கிறேன்” என்பது மிக மோசமான பதில். யோசிக்க ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும்.

சாட்டில் எழுதக்கூடாதது இன்னொன்றும் உண்டு. எதிராளி “சீக்கிரம்” என்று நச்சரிக்கும்போது எரிச்சலில் “நீ போறவரைக்கும் நான் உட்கார்ந்திருப்பேன்” என்று ஒரே ஒரு வரி தட்டினாலும் வழக்கு முடிந்தது. லாக்கில் நேரம் மட்டும்தான் இருக்கும், நோக்கம் இருக்காது. இந்த வரியை எழுதினால் நோக்கத்தையும் நீங்களே உங்கள் கையால் பதிந்து கொடுத்தாயிற்று. அதற்கப்புறம் 55 நொடிக் கணக்கெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜட்ஜுகள் பக்கம் நடக்கும் இன்னொரு தவறு: கூப்பிட்டதற்கும் வந்து சேர்வதற்கும் இடைப்பட்ட நேரத்தையும் சேர்த்து எண்ணுவது. புகார் போனதும் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது வழக்கம். லாக்கில் அதுவும் வெறும் மௌனமாகவே தெரியும். அதனால் புகார் உங்கள் மேல் என்றால், ஜட்ஜ் வரும்வரை நிற்காமல் ஆட்டத்தைத் தொடருங்கள். கார்டின் அர்த்தம் பற்றிய தகராறில் நிறுத்தியே ஆக வேண்டும். நேரம் பற்றிய தகராறில் நிறுத்தக் காரணமே இல்லை. எதிராளி தொடர மறுத்தால் “நான் தொடரத் தயார்” என்று சாட்டில் ஒரு வரி போட்டு வையுங்கள். நெட் இழுத்தாலும் இதே கதை. எதிராளிக்குத் தெரிவது உங்கள் ரவுட்டர் விளக்கு அல்ல, உங்கள் மௌனம். இணைப்பு திரும்பியதும் முதல் வேலை, “நெட் போனது, வந்துவிட்டேன்” என்று எழுதுவது.

காம்போ டெக் மேல் சில ஜட்ஜுகளுக்கு ஒரு கடுப்பு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு டர்னில் இருபது சம்மன் நடப்பது பார்ப்பவருக்கு அலுப்புதான். ஆனால் ஒவ்வொரு செயலும் போர்டை மாற்றுகிறதென்றால் அது இழுத்தடிப்பு ஆகாது. எதையும் மாற்றாமல் சுற்றிச் சுற்றி வருவதுதான் இழுத்தடிப்பு. மேஜிக்கில் ஃபோர் ஹார்ஸ்மென் என்ற டெக் இதனால்தான் பேர்போனது: காம்போ என்றாவது பலிக்கும், ஆனால் எத்தனை சுற்றில் என்று ஆடுபவரால் சொல்ல முடியாது; எண் சொல்ல முடியாத சுற்று என்பதால் ஸ்லோ ப்ளே என்று நிறுத்தினார்கள். எக்ஸ் (Eggs) என்ற டெக்கோ ஒவ்வொரு படியும் சரியாகவே ஆடினாலும் டர்ன் முடிய அத்தனை நேரம் பிடித்தது. அதற்கு ஆடியவர்களைத் தண்டிக்கவில்லை. 2013-ல் செகண்ட் சன்ரைஸ் கார்டையே மாடர்ன் ஃபார்மெட்டில் தடை செய்தார்கள். நீளமான டெக் தப்பு என்றால் கார்டைத் தடை செய்ய வேண்டும், விதிப்படி அதை ஆடியவரை அல்ல. இந்த நேர்மையை டூயலிங்புக் ஜட்ஜுகளிடமும் எதிர்பார்க்கலாம்.

அதே நேர்மை நம் பக்கமும் வேண்டும். கையில் ஒன்றுமில்லை, ஃபீல்டில் ஒன்றுமில்லை, எதிரில் உங்கள் 8000 லைஃப் பாயின்ட்டையும் தாண்டும் அட்டாக் நிற்கிறது; அட்மிட் டிஃபீட் அழுத்தாமல் மூன்று நிமிடம் சும்மா இருந்தால் அது ஸ்டாலிங்தான். எதிராளியின் ஒவ்வொரு அசைவுக்கும் ‘திங்க்’ அழுத்தி, கையில் பதில் கொடுக்க ஒரு கார்டும் இல்லாமல் இருந்தாலும் அதேதான். டெக்கைத் திறந்து மூடி, திறந்து மூடி, எதையும் எடுக்காமல் இருந்ததெல்லாம் லாக்கில் வரிசையாக நிற்கும். இப்படி இருந்தால் முறையீடு எழுதாதீர்கள்.

தீர்ப்பு வரைக்கும் போகாமல் தப்பிக்கும் வழிகள் சின்னச் சின்னவை, ஆனால் பலன் பெரிது. எக்ஸ்ட்ரா டெக்கை அடுக்கும்போது ப்ராஸ்பெரிட்டிக்கு விட்டுக்கொடுக்கத்தக்க ஆறு கார்டையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வையுங்கள். மேலே பார்த்ததில் பானிஷ் செய்யப் பிடித்த 55 நொடி பாதிக்கும் கீழே வந்துவிடும். அந்த ஆறு எவை என்று டெக் கட்டும்போதே முடிவு செய்யுங்கள், ஆட்டத்தில் அல்ல. பதில் கேட்பதானால் எஃபெக்டைப் போட்டவுடன் ஒரே தடவை “பதில் உண்டா?” என்று எழுதுங்கள், அந்த வரி லாக்கில் இருந்தால் அதற்கப்புறம் போகும் நேரம் யாருடையது என்பதில் சந்தேகமே வராது. யோசிக்கும்போது ‘திங்க்’ பட்டனை அழுத்த மறக்காதீர்கள். அது உங்களுக்குக் கூடுதல் நேரம் வாங்கித் தராது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும், புகாரில் பாதி அதிலேயே அடங்கும். நீளமான காம்போவைத் தனியாக ஆடிப் பழகி, எந்தப் படியில் கை தடுமாறுகிறது என்று பார்த்துக்கொண்டு ரேட்டட் (புள்ளி ஏறி இறங்கும்) ஆட்டத்துக்குப் போங்கள்.

கடிகாரம் வைத்த சேவைகளோடு ஒப்பிட்டால்? மேஜிக் ஆன்லைனில் செஸ் கடிகாரம். ஆளுக்கு 25 நிமிடம், தீர்ந்தால் மேட்ச் போச்சு. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, உள்நோக்கம் பற்றிய பேச்சே கிடையாது. முன் சொன்ன லாக் பிரிக்கும் வேலையை அந்தக் கடிகாரமே செய்துவிடுகிறது: முடிவெடுக்க வேண்டியது யாரோ அவருடைய நேரம்தான் ஓடும். ஆனால் அதற்கும் விலை உண்டு. நேரில் “இதை நூறு தடவை செய்கிறேன்” என்று சொல்லி முடிக்கும் சுற்றை அங்கே நூறு தடவையும் கிளிக் செய்தாக வேண்டும், அத்தனையும் உங்கள் 25 நிமிடத்திலிருந்து. தோற்பவர் எழுந்து போய்விட்டால் அவருடைய மிச்ச நிமிடங்கள் தீரும்வரை நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். மேஜிக் அரீனாவில் நேரம் தீரப்போவதைக் காட்டத் திரையில் திரி எரியும், ஹார்த்ஸ்டோன் என்ற கார்டு விளையாட்டில் டர்னுக்கு 75 நொடி. அங்கே ஒவ்வொரு டர்னிலும் கடைசி நொடிவரை இழுப்பவரை ஒன்றும் செய்ய முடியாது, விதிக்குள்தான் இருக்கிறார். கடிகாரம் இழுத்தடிப்பை ஒழிக்காது, அதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கும். யு-கி-ஓவிலேயே தானியங்கியாக ஓடும் எடோப்ரோவில் அறையைத் தொடங்குபவர் நேர வரம்பை வைக்கலாம். நண்பர்களோடு ஆடுவதற்கு இது நல்ல ஏற்பாடு.

டூயலிங்புக்குக்கும் ஒரு கடிகாரம் வை என்று சொல்வது எளிது. ஆனால் கையால் ஆடும் தளத்தில் இப்போது யாருடைய முறை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ப்ராஸ்பெரிட்டிக்குப் பின் எதிராளி யோசிக்கும் 55 நொடியை அது ஆட்டக்காரர் கணக்கில்தான் எழுதும். எனவே நாம் கேட்பது கடிகாரம் அல்ல, இரண்டு சின்ன மாற்றங்கள். ஒன்று, ‘திங்க்’, ‘கட்டைவிரல்’ பட்டன்களை வைத்து இரண்டு பேரின் காத்திருப்பு நேரத்தையும் தனித்தனியே கூட்டி ஜட்ஜின் திரையில் காட்டுவது. இரண்டாவது, ஸ்டாலிங் என்று தோல்வி தரும்போது எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை என்பதை ஜட்ஜ் கட்டாயம் எழுத வேண்டும் என்ற விதி. முதலாவதற்கு நிரல் எழுத வேண்டும். இரண்டாவதற்கு எதுவுமே தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

கார்டு விளக்கத்துக்கு இந்த ஜட்ஜ் சேவைக்கு ஐந்தில் நான்கு கொடுக்கலாம். காசு வாங்காமல், நேரம் கெட்ட நேரத்திலும் வந்து, செயின் (அடுத்தடுத்துப் போட்ட எஃபெக்டுகள்) எந்த வரிசையில் தீரும் என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். நேரத் தகராறுக்கு இரண்டுதான். கட்டுப்பாட்டு டெக், சின்ன டர்ன் ஆடுகிறவர்கள் கவலையில்லாமல் ரேட்டட் ஆடலாம். டர்னுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும் காம்போ டெக் என்றால், பழகும்வரை அன்ரேட்டட். ரேட்டட் போனபின் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் டேபை மூடுவதற்கு முன் ரீப்ளே இணைப்பைக் காப்பி செய்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். தீர்ப்பு வந்த அன்றைக்குத் தேடினால் எந்த ஆட்டம் என்றே பிடிபடாது.